தன் கையும் பிறர் கையும்

தலைமை தாங்குவது எப்படி, பிறர் மனத்தை வெல்வது எப்படி, விழுந்த இடத்திலிருந்து எழுவது எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தருவதாக முன்வரும் புனைவல்லாத நூல்களைத் தமிழ் வாசகர்கள் சுயமுன்னேற்ற நூல்கள் என்ற பொதுப்பெயரால் அறிவார்கள். கேள்விகள் மூன்றானாலும் விடைகள் ஒரே அடித்தளத்தின்மீது நிற்கின்றன: உலகம் எப்படி இருந்தாலும் வாசிப்பவர் தம் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள முடியும், அந்த மாற்றத்திலிருந்து மற்றவை பிறக்கும். 'தன் கையே தனக்கு உதவி' என்ற பழமொழியை முந்நூறு பக்கங்களுக்கு நீட்டினால் இவ்வகை நூல் ஒன்று கிடைத்துவிடும் என்று இலக்கியவாதிகள் எள்ளுவதுண்டு. அந்த எள்ளல் முழுவதும் நியாயமானதன்று. வேலை இழந்தவரும் தேர்வில் தோற்றவரும் கடனில் சிக்கியவரும் தூக்கம் வராத இரவில் கையில் எடுப்பது பெரும்பாலும் இந்நூல்களைத்தான் என்பதை எந்தப் புத்தகக் கடைக்காரரும் சொல்வார். இவற்றின் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. தன் கையைப் போற்றும் இந்த நூல்வகையின் வரலாற்றை முதலிலிருந்து பின்தொடர்ந்தால், அதன் முக்கியமான நூல்கள் பிறர் கைகளால் உருவானவை என்பதும், அந்தக் கைகள் அச்சிலோ மறுபதிப்பிலோ பிற்கால வாசிப்பிலோ உதிர்ந்துபோயின என்பதும் தெரியவரும்.

இந்த வகைக்கே பெயர் தந்த நூல் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதி 1859இல் வெளிவந்த 'செல்ஃப் ஹெல்ப்'. ஸ்காட்லாந்தின் ஹேடிங்டன் என்னும் சிற்றூரில் 1812இல் பிறந்த ஸ்மைல்ஸ் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1832இல் பரவிய காலராவில் தந்தை இறந்துவிட, பதினொரு பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய் குடும்பத்தின் சிறு கடையைத் தொடர்ந்து நடத்தியதாலேயே அவர் படிப்பைத் தொடர முடிந்தது. பின்னர் மருத்துவத்தை விட்டு இதழியலுக்கு வந்து, வட இங்கிலாந்தின் ஆலை நகரமான லீட்ஸில் 'லீட்ஸ் டைம்ஸ்' என்ற சீர்திருத்த இதழின் ஆசிரியரானார். புத்தகம் எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது நூலகத்திலோ படிப்பறையிலோ அன்று. மிக எளிய நிலையில் இருந்த இரண்டு மூன்று இளைஞர்கள், குளிர்கால மாலைகளில் கூடித் தமக்குள் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்றுத்தருவது என்று முடிவெடுத்திருந்தார்கள். முதலில் ஒரு குடிசை வீட்டின் அறையில் கூடினார்கள். ஆள் சேரச் சேர இடம் போதாமல், கோடையில் தோட்டத்திலும், குளிர் திரும்பியபின் வாடகைக்குப் பிடித்த ஒரு கூடத்திலும் கூடினார்கள். அந்தக் கூடம் அதற்கு முன் தற்காலிகக் காலரா மருத்துவமனையாக இருந்தது. நோய் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று அஞ்சி எவரும் குடிவராததால்தான் அது அவர்களுடைய வசதிக்குள் கிடைத்தது. விளக்கேற்றி, சில பெஞ்சுகளும் ஒரு மேசையும் போட்டு, எழுத்தும் கணக்கும் தொடங்கி வேதியியலும் பிறமொழிகளும் வரை, கொஞ்சம் தெரிந்தவர் கொஞ்சமும் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறக்குறைய நூறு பேர் சேர்ந்த நிலையில், சொற்பொழிவு கேட்கும் ஆசை அவர்களுக்கு வந்தது, ஸ்மைல்ஸை அழைத்தார்கள்.

தந்தையைக் காலராவுக்குக் கொடுத்தவர் காலராக் கூடத்தில் நின்று பேசிய அந்தச் சொற்பொழிவுகளே பிற்காலத்தில் நூலாயின. சில ஆண்டுகளுக்குப் பிறகு, அங்கே கேட்டவர்களில் ஒருவர், அப்போது தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் அளவுக்கு உயர்ந்திருந்தவர், ஸ்மைல்ஸைத் தேடிவந்து நன்றி சொன்னபோது எழுதும் எண்ணம் உறுதிப்பட்டதாக நூலின் முன்னுரையே கூறுகிறது. இவ்வகைக் கூட்டங்களுக்கு அக்கால இங்கிலாந்தில் வழங்கிய பெயர் 'பரஸ்பர முன்னேற்றச் சங்கம்'. சுயமுன்னேற்றம் என்ற சொல்லுக்கு முன்பே புழக்கத்தில் இருந்த ஏற்பாடு அது. ஆகவே 'செல்ஃப் ஹெல்ப்' என்ற நூலின் கருவறை ஒரு கூட்டுறவுக் கூடம்.

நூலுக்குள் நுழைந்தால் அந்தக் கூடம் முன்னுரையோடு நின்றுவிடுகிறது. உள்ளே வரிசையாக நிற்பவர்கள் தனி மனிதர்கள்: நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட், மட்பாண்டக் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட், உலை அணையாமல் இருக்க வீட்டு மரச்சாமான்களையே எரித்த பிரெஞ்சுக் குயவர் பெர்னார்ட் பலிசி, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ரயில்பாதை வரை வந்த ஜார்ஜ் ஸ்டீஃபன்சன். ஸ்டீஃபன்சன் வளர்ந்து வேலைக்குப் போன பிறகே எழுதப் படிக்கக் கற்றவர். அதுவும் ஓர் இரவுப் பள்ளியில். வாசகர் மனத்தில் தங்கியது அவருடைய விடாமுயற்சி. இரவுப் பள்ளியில் அவருக்கு எழுத்தறிவித்தவரைப் பற்றி எவரும் கேட்பதில்லை. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்', ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரம் பற்றிய நூல் ஆகியவை வெளிவந்த அதே ஆண்டில் வந்த 'செல்ஃப் ஹெல்ப்' முதல் ஆண்டிலேயே 20,000 படிகளும், 1904இல் ஸ்மைல்ஸ் இறப்பதற்குள் இரண்டரை லட்சம் படிகளும் விற்றது. நாகமுரா மசனாவோவின் மொழிபெயர்ப்பில் 1871 முதல் ஜப்பானிலும் பெருந்திரளாக வாசிக்கப்பட்டது. விற்பனை ஏற ஏற, தலைப்பே நூலாசிரியரைத் துன்புறுத்தத் தொடங்கியது. நூலைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தன்னலத்தின் துதி என்று கொண்டதைப் பிற்பதிப்பின் முன்னுரையில் அவர் வருந்திக் குறிப்பிட்டு, தனக்கு உதவிக்கொள்ளும் கடமைக்குள் அண்டை அயலாருக்கு உதவும் கடமையும் அடங்கும் என்று விளக்கம் தந்தார். அவருடைய விளக்கம் முன்னுரைக்குள்ளேயே கிடக்க, தலைப்பு மட்டும் உலகைச் சுற்றியது.

பிறர் மனத்தை வெல்லும் கலையின் நூலுக்கும் இதே பிறப்புக் கதைதான். மிசௌரி மாநிலத்து ஏழை உழவர் மகனான டேல் கார்னகி, பன்றி இறைச்சியும் சோப்பும் விற்றும் நாடக நடிப்பில் தோற்றும் அலைந்த பிறகு, 1912இல் நியூயார்க்கின் ஒய்.எம்.சி.ஏ. ஒன்றில் மேடைப்பேச்சு வகுப்பு எடுக்கச் சேர்ந்தார். சொல்லித்தரக் கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோன வேளையில், மாணவர்களையே எழுப்பி அவர்களுக்குக் கோபமூட்டிய ஏதாவதொன்றைப் பற்றிப் பேசச் சொன்னார் என்பது அவருடைய வாழ்க்கையில் பலரும் அறிந்த செய்தி. குமாஸ்தாக்களும் விற்பனையாளர்களும் நிறைந்த அந்த இரவு வகுப்புகளில் கால் நூற்றாண்டு காலம் ஒருவரிடம் ஒருவர் சோதித்துப் பார்த்தவையே 1936இல் 'ஹவ் டு வின் ஃபிரண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளுயன்ஸ் பீப்பிள்' என்ற நூலாயின. முதலில் ஐயாயிரம் படிகளே அச்சிட்ட அந்த நூல் இன்றுவரை மூன்று கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. வகுப்பில் அது பயிற்சி; தவறாகச் சிரித்தால் சுட்டிக்காட்ட எதிரே ஒருவர் இருப்பார். தனியே வாசிக்கும்போது அது உத்தியாகிவிடுகிறது. அதனால்தான் கார்னகியைப் படித்துவிட்டு வந்தவரின் புன்னகையை மற்றவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். இதன் மறுபக்கத்தை 1984இல் ராபர்ட் சியால்டினி எழுதினார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விற்பனைப் பயிற்சி நிறுவனங்களில் வேலை கற்பவராக மறைந்து நுழைந்து, மனிதர்களை இணங்கச் செய்யும் தந்திரங்களைத் தொகுத்த 'இன்ஃப்ளுயன்ஸ்', ஏமாறும் வாடிக்கையாளருக்குக் கேடயமாக எழுதப்பட்டது. அதை வாளாகப் பிடித்துக்கொண்டவர்கள் விற்பனையாளர்கள்.

கார்னகியின் நூல் வெளிவந்த அதே 1936இன் நவம்பரில் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை காலமானார். இந்த நூல்வகை தமிழுக்கு வந்த வழியைத் தேடுபவர் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதால், இந்த ஒத்திசைவைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. சுதேசிக் கப்பல், செக்கிழுத்த செம்மல் என்ற இரண்டு சித்திரங்களுக்குள் அடங்கிப்போன வ.உ.சி., ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூல்களைத் தமிழாக்கியவர். 1864இல் லெஸ்டர் நகரில் பிறந்த ஆலன், பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கே கொலையுண்டதால், பதினைந்து வயதிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனவர். மனிதனின் சூழ்நிலை அவனுடைய எண்ணங்களின் விளைச்சல் என்று வாதிடும் அவருடைய சிறுநூல் 'ஆஸ் எ மேன் திங்கெத்' 1903இல் வெளிவந்தது. அதை வ.உ.சி. 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் மொழிபெயர்த்தார்; 1909இல் அது வெளிவந்தபோது அவர் சிறையில் இருந்தார். பிறகு 1914இல் 'அகமே புறம்', அதன்பின் 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என ஆலனோடு அவருடைய உறவு நீண்டது.

இந்த மொழிபெயர்ப்பின் முரணை எண்ணிப் பார்க்க வேண்டும். 1908 மார்ச் 12 அன்று கைதாகி, அரச நிந்தனைக்காக இருபது ஆண்டும் தம் தோழர் சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இருபது ஆண்டும் எனத் தீவாந்தர தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைக்கப்பட்ட ஒருவர். அவர் கைதான மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். தம் சூழ்நிலையைத் தம் எண்ணம் உண்டாக்கவில்லை, ஏகாதிபத்திய அரசு உண்டாக்கியது என்பதை அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. எனில், அகமே புறத்தை ஆக்குகிறது என்னும் நூல் அவருக்கு ஏன் உவப்பாயிற்று? விடை, சொல்பவர் யார், சொல்வது யாரிடம் என்பதில் இருப்பதாகத் தோன்றுகிறது. சிறைக்குள் இருப்பவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும்போது அந்தக் கருத்து, துன்பத்தின் காரணத்தை விளக்குவதில்லை. சிறை அதிகாரியின் கை எட்டாத ஓர் இடத்தைக் காட்டுகிறது. அதையே சிறை அதிகாரி கைதியிடம் சொன்னால் பொருள் தலைகீழாகிவிடும். உன் நிலைமைக்கு நீயே பொறுப்பு என்ற ஒரே வாக்கியம் முதல் இடத்தில் விடுதலை, இரண்டாம் இடத்தில் குற்றச்சாட்டு. சுயமுன்னேற்ற நூல்களைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் எழுபவை.

வ.உ.சி.யின் தலைமையும் இந்த வகை நூல்கள் சித்திரிக்கும் தலைமையாக இருக்கவில்லை. 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பெருஞ்செல்வர் சிலரின் பணத்தோடு சிறு வணிகரின் பணமும் சேர வேண்டும் என்ற கணக்கு அந்த 25 ரூபாயிலேயே தெரிகிறது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரே அவர்களுக்குத் துணைநின்றது. தலைவர் என்பவர் இங்கே பலருடைய சிறு தொகைகளையும் சிறு துணிவுகளையும் ஒரே இடத்தில் சேர்த்தவர். அவர் சிறையிலிருந்தபோதே கப்பல் நிறுவனம் மூடப்பட்டது. இன்றைய மேலாண்மை நூல் எதன் அளவுகோலிலும் அந்த நிறுவனம் இடம்பெறாது என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

அந்த அளவுகோல்களில் புகழ்பெற்றது ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட 'குட் டு கிரேட்'. 1,435 அமெரிக்க நிறுவனங்களைச் சலித்து, சராசரியாக இருந்து பெருவெற்றிக்குத் தாவி, அந்த வெற்றியைப் பதினைந்து ஆண்டுகள் தக்கவைத்த 11 நிறுவனங்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றுக்குப் பொதுவானது எது என்று அந்நூல் கேட்டது. விடைகளில் முதலாவது, காலின்ஸ் 'ஐந்தாம் நிலைத் தலைமை' என்று பெயரிட்ட பண்பு: தனிப்பட்ட முறையில் அடக்கம், தொழிலில் இரும்பு உறுதி என்ற இரண்டும் ஒருவரிடமே கூடியிருப்பது. நூல் வெளிவந்து ஏழே ஆண்டுகளில், 2008 செப்டம்பரில் அந்தப் பதினொன்றில் ஒன்றான ஃபேனி மே என்ற வீட்டுக்கடன் நிறுவனத்தை அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது; நவம்பரில் இன்னொன்றான சர்க்கியூட் சிட்டி திவால் மனு கொடுத்தது. 2016இல் மூன்றாவதான வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்ததற்காகத் தண்டம் கட்டியது. இது காலின்ஸுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1982இல் பீட்டர்ஸும் வாட்டர்மனும் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்' போற்றிய நிறுவனங்களில் பல தடுமாறுவதை 1984லேயே ஒரு வணிக இதழ் அட்டைப்படக் கட்டுரையாக்கியது.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதை 2007இல் 'தி ஹேலோ எஃபெக்ட்' என்ற நூலில் ஃபில் ரோசன்ஸ்வைக் விளக்கினார். 'ஒளிவட்ட விளைவு' என்ற அந்தச் சொல், 1920இல் உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் உருவாக்கியது: ராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழிருப்பவர்களை மதிப்பிட்டபோது, உடல்வாகு நன்றாக இருப்பதாகக் கருதியவரையே அறிவிலும் ஒழுக்கத்திலும் தலைமையிலும் உயர்வாக மதிப்பிட்டார்கள், ஒரு சிறப்பின் ஒளி மற்ற எல்லாவற்றின்மீதும் படிந்தது. நிறுவனம் இலாபம் ஈட்டும்போது தலைவரின் பிடிவாதம் உறுதி என்றும், நட்டம் வரும்போது அதே பிடிவாதம் ஆணவம் என்றும் பேர்பெறுகிறது. வெற்றி தெரிந்தபின் பேட்டி எடுத்தால், வெற்றியின் காரணமல்ல, அதன் நிழலே பதிவாகும்.

ரோசன்ஸ்வைக் சொல்லாமல் விட்ட இன்னொன்று காலின்ஸின் நூலுக்குள்ளேயே இருக்கிறது. வெற்றி பெற்ற அந்தத் தலைவர்கள், வெற்றிக்குக் காரணம் கேட்டால் தம்முடன் பணிபுரிந்தவர்களையும் நல்வாய்ப்பையும் சுட்டினார்கள் என்று காலின்ஸே பதிவு செய்கிறார். பதினொரு நிறுவனங்களின் தலைவர்கள் ஒருமித்துக் கொடுத்த சாட்சியம் அது. அதைச் சாட்சியமாக ஏற்றிருந்தால், ஆய்வு அந்த உடன் பணியாளர்களையும் அந்த வாய்ப்புகளையும் நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். நூலோ அதை அடக்கம் என்னும் குணமாகப் பெயர்மாற்றித் தலைவரின் கணக்கிலேயே வரவு வைத்தது. பிறர் கை இருந்தது என்று சொன்ன வாயையே, பிறர் கை தேவைப்படாத மேன்மைக்குச் சான்றாக்கிய இந்தத் திருப்பத்தைவிட இவ்வகை நூல்களின் இயல்பைத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

அண்மைக் காலத்தில் தலைமையைவிட அதிகம் விற்கும் சொல் 'மீண்டெழும் ஆற்றல்'. துள்ளித் திரும்புதல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்து, வளைத்துவிட்டால் மூங்கிலைப்போல் பழைய நிலைக்கு வரும் பொருள்களின் தன்மையைக் குறிக்கப் பயன்பட்டு, பிறகு உளவியலுக்கு வந்த கருத்து இது. உளவியலில் இதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளுள் முதன்மையானது ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் காவாய் தீவில் நடந்தது. அத்தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அவர்களுடைய குழுவினரும் நாற்பது வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பிறப்புச் சிக்கல், ஓயாத குடும்பச் சண்டை, குடிப்பழக்கமோ மனநோயோ உள்ள பெற்றோர் எனப் பல இடர்கள் ஒன்றுசேர்ந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும்போது கற்றலிலோ நடத்தையிலோ சிக்கலுக்குள்ளானார்கள். மூன்றில் ஒரு பங்கினர், எழுபத்திரண்டு பேர், நிதானமும் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ள பெரியவர்களானார்கள்.

அந்த எழுபத்திரண்டு பேரின் இயல்பான கலகலப்பும் திறமைகளும் ஆய்வில் இடம்பெற்றன என்பது உண்மை. ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்டது வேறொன்று. பெற்றோர் தவறிய இடத்தில் பாட்டி, அத்தை, அண்டை வீட்டார், ஆசிரியர், தேவாலயக் குழு என யாரோ ஒருவர் அந்தக் குழந்தையை நிபந்தனையின்றி ஏற்று நெடுநாள் உடனிருந்திருக்கிறார். இளமையில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பதுகளில் மீண்டார்கள். வயது வந்தோர் கல்வி, ராணுவச் சேவை, நல்ல வாழ்க்கைத் துணை, சமயக் குழு ஆகியவை அவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பைத் திறந்துவிட்டன. பின்வந்த ஆய்வாளர் ஆன் மாஸ்டன், மீண்டெழுதல் அபூர்வமான உள்வலிமை அன்று, சாதாரணமான பாதுகாப்பு ஏற்பாடுகள் கெடாமல் இருப்பதன் பயன் என்று காட்டி, அதற்குச் 'சாதாரண மாயம்' என்று பெயர் வைத்தார். அறிவியல் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும், சந்தைக்கு வரும் நூல்கள் இந்த ஆற்றலைத் தசையைப்போல் தனியே பயிற்சி செய்து வளர்க்கக்கூடியதாகவே வர்ணிக்கின்றன. காரணம் எளிது: பாட்டியை அச்சடித்து விற்க முடியாது.

அமெரிக்க ராணுவம் 2009இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் உதவியோடு படைவீரர்களின் மனவலிமையைக் கூட்டும் பெருந்திட்டமொன்றைத் தொடங்கியது. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அதே வீரர்கள் மறுபடி மறுபடி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1998இல் வெளிவந்த 'ஹூ மூவ்ட் மை சீஸ்?' என்ற சிறு நீதிக்கதை, பாலாடைக்கட்டி இடம்மாறினால் புலம்பாமல் வேறிடம் தேட வேண்டும் என்று கற்பித்தது. ஆட்குறைப்புக் காலத்தில் நிறுவனங்கள் அதை மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்கு வழங்கின. பாலாடைக்கட்டியை நகர்த்தியவரே புத்தகத்தையும் கொடுத்தார் என்பதுதான் அதில் சுவையானது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது எந்நேரமும் உற்சாகமாக இருக்குமாறு வற்புறுத்தப்பட்ட பார்பரா எரன்ரைக், அந்த அனுபவத்திலிருந்து தொடங்கி இத்தகைய கட்டாய நம்பிக்கையின் பொருளாதாரத்தை 2009இல் 'பிரைட் சைடட்' என்ற நூலில் அலசினார். ஆலனின் கருத்து வ.உ.சி.யின் சிறையறையிலிருந்து அலுவலகப் பயிற்சிக் கூடத்துக்கு இடம்பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்நூலைவிட நல்ல விளக்கம் இல்லை.

இந்த வரிசையில் எல்லாரும் வணங்கி நிற்கும் நூல் விக்டர் ஃபிராங்கலின் 'மேன்ஸ் சர்ச் ஃபார் மீனிங்'. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவரான ஃபிராங்கல், 1942 முதல் 1945 ஏப்ரல் வரை டெரேசியன்ஸ்டாட், ஆஷ்விட்ஸ், டாஹாவின் கிளை முகாம்கள் என நாஜிகளின் முகாம்களில் அடைபட்டு, தந்தை, தாய், சகோதரர், மனைவி ஆகியோரை இழந்து மீண்டவர். 1946இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அந்நூலை ஒன்பது நாள்களில் எழுதியதாக அவர் கூறியிருக்கிறார். வாழ்வுக்கு ஒரு பொருளைப் பற்றிக்கொண்டவரால் எதையும் தாங்க முடியும் என்ற ஒற்றை வரியாக அது இன்று சுருக்கி மேற்கோள் காட்டப்படுகிறது. நூலைப் பொறுமையாக வாசிப்பவருக்கு வேறு சில செய்திகளும் தட்டுப்படும். மீண்டு வந்தவர்கள் எண்ணற்ற தற்செயல்களால் மீண்டார்கள் என்றும், தங்களில் சிறந்தவர்கள் மீளவில்லை என்றும் ஃபிராங்கல் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். கைதிகளுக்கு மேல் கைதிகளிலிருந்தே நியமிக்கப்பட்ட கங்காணிகளான 'காப்போ'க்களில் ஒருவன் தன் காதல் கதைகளையும் இல்லறச் சிக்கல்களையும் ஃபிராங்கல் காதுகொடுத்துக் கேட்டதற்காக, அணிவகுப்பில் தன் பக்கத்திலேயே அவரை நிறுத்திக் காத்தான் என்பதும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மேற்கோள் தொகுப்புகளில் அந்தக் காப்போ இல்லை.

இத்தாலிய வேதியியலாளர் பிரைமோ லேவியின் முகாம் நூல் 1947இல் டூரினில் 2,500 படிகளோடு வெளிவந்து, நீண்ட காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1944 பிப்ரவரியிலிருந்து 1945 ஜனவரிவரை ஆஷ்விட்ஸில் இருந்த லேவி, பொருளைப் பற்றிக்கொண்டவர் பிழைப்பார் என்ற வாதத்துக்கு இறுதிவரை வரவில்லை. மீண்டவர்கள் உண்மையான சாட்சிகள் அல்லர், அடிவரை போனவர்கள் திரும்பவே இல்லை என்பதே இறப்புக்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த அவருடைய கடைசி நூலின் நிலைப்பாடு. தாம் உயிரோடிருப்பதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்றுக்கு ஒரு பெயர் இருந்தது: லோரென்சோ பெரோனே. கைதி அல்லாத, கூலிக்கு வந்த இத்தாலியக் கொத்தனாரான லோரென்சோ, அகப்பட்டால் தாமும் முகாமுக்குள் போக நேரிடும் என்று தெரிந்தே, ஆறு மாத காலம் நாள்தோறும் லேவிக்குக் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார். கைம்மாறு எதையும் ஏற்கவில்லை. போருக்குப் பின் ஊர் திரும்பிய லோரென்சோவால் கண்டவற்றோடு வாழ முடியவில்லை. குடியில் மூழ்கி, நோயுற்று, 1952இல் இறந்தார். ஒருவரை மீட்ட கைக்குத் தன்னை மீட்டுக்கொள்ள இயலவில்லை என்பதை எந்த மனவலிமைப் பயிற்சியின் அட்டவணையில் சேர்ப்பது?

லேவி தம் மகளுக்கு லிசா லோரென்சா என்றும் மகனுக்கு ரென்சோ என்றும் பெயரிட்டார்.

வ.உ.சி. 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் இல்லை, பணம் இல்லை, வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமமும் பறிபோயிருந்தது. அகத்தைப் பற்றிய ஆலனின் நூல்களை அவர் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், புறத்திலிருந்து வந்த உதவிகளையும் அவர் விடாமல் கணக்கு வைத்திருந்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்த தொகையைப் பற்றி அவர் காந்திக்குக் கடிதங்கள் எழுதினார். தாமதமாக வந்து சேர்ந்த அந்தத் தொகை 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதப் போக்குவரத்தைத் திரட்டி எழுதிய நூலுக்கு அந்த எண்ணையே தலைப்பில் வைத்திருக்கிறார். வ.உ.சி. மீண்டும் நீதிமன்றம் ஏறும்படி உரிமத்தைத் திரும்பப் பெற்றுத் தந்தவர் ஓர் ஆங்கிலேய நீதிபதி, வாலஸ். எந்த அரசாங்கம் தம்மைச் செக்கிழுக்க வைத்ததோ, அந்த அரசாங்கத்தின் நீதிபதியின் பெயரை நன்றியோடு நினைவில் கொண்டு, வ.உ.சி. தம் மகனை வாலேஸ்வரன் என்று அழைத்தார்.